அஞ்சு வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்?

போன வாரம் என் மேசைக்கு வந்தது இந்த மாதத்தின் நான்காவது செத்த போர்டு. ராஸ்பெரி பை 4, உள்ளங்கை அளவுள்ள சின்னக் கம்ப்யூட்டர். பவர் கொடுத்தால் சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை, நடுவில் இருக்கும் சிப்பின் மேல் விரலை வைத்தால் மூன்று நொடிக்கு மேல் வைக்க முடியாத சூடு. வருடக்கணக்கில் போர்டு பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கொண்டுவந்தவர் அப்பா. பக்கத்தில் பதினோரு வயதுப் பையன். "சார், நல்லா ஓடிட்டு இருந்துச்சு, இவன் ப்ரோகிராம்ல எதையோ மாத்திட்டான், அதான் எரிஞ்சு போச்சு" என்றார். பையன் தலை நிமிரவே இல்லை. என்னப்பா மாற்றினாய் என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து மெதுவாகச் சொன்னான்: பட்டனை அழுத்தினால் ஸ்க்ராட்ச் (கட்டங்களை அடுக்கிப் பிள்ளைகள் ப்ரோகிராம் எழுதும் மென்பொருள்) பூனை குதிக்க வேண்டும், அது 10 அளவு குதித்தது போதவில்லை, அதை 50 ஆக்கினான். அவ்வளவுதான். அந்த 50-தான் போர்டைக் கொன்றது என்று நான்கு நாளாக நம்பிக்கொண்டிருக்கிறான். அதற்கப்புறம் கம்ப்யூட்டரையே தொடவில்லையாம்.

எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். போர்டு போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பெற்றோர்களே, ஆசிரியர்களே, தயவுசெய்து ஒன்றைக் கேளுங்கள்: ஸ்க்ராட்சில் ஒரு கட்டத்துக்குள் எந்த எண்ணைப் போட்டாலும் போர்டு எரியாது. பூனை திரைக்கு வெளியே போகும், முடிவில்லாமல் சுற்றும், கம்ப்யூட்டர் திணறும், கடைசியில் மூடித் திறந்தால் சரியாகிவிடும். அந்தப் பக்கம் பிள்ளை எவ்வளவு வேண்டுமானாலும் உடைக்கட்டும், உடைத்துப் பார்க்கத்தான் அதைச் செய்துவைத்திருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது கம்பிகளை. அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

அப்பாவின் போனில் இணைப்பின் படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். பிரெட்போர்டில், அதாவது வயர்களைச் சொருகி இணைக்கும் துளைப் பலகையில், ஒரு பட்டன். அதன் ஒரு காலிலிருந்து சிவப்பு ஜம்பர் வயர் போர்டின் 5 வோல்ட் பின்னுக்கு, இன்னொரு காலிலிருந்து மஞ்சள் வயர் ஜிபிஐஓ 17-க்கு (சிக்னலை உள்ளே வாங்கவோ வெளியே அனுப்பவோ செய்யும் பின்களில் ஒன்று), அங்கிருந்தே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) கிரவுண்டுக்கு, அதாவது 0 வோல்ட் பின்னுக்கு. ரொம்ப சுத்தமான வேலை. வயர் நிறங்கள்கூடச் சரி. ஏதோ ஒரு வரைபடத்தைப் பையன் அச்சு அசலாகப் பார்த்துச் செய்திருக்கிறான், வரைபடமும் தவறில்லை, ஆனால் அது ஆர்டுயினோ ஊனோ என்ற வேறொரு போர்டுக்கு வரைந்த படம். ஊனோ 5 வோல்ட்டில் வேலை செய்யும் போர்டு. ராஸ்பெரி பையின் ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட். ஒவ்வொரு முறை பூனை குதித்தபோதும் அந்தப் பின்னுக்குள் 5 வோல்ட் போயிருக்கிறது.

இதைச் சொன்னதும் அப்பா கேட்டது, எல்லாரும் கேட்பது: "அஞ்சு வோல்ட்தானே சார், கையில தொட்டாக்கூட ஒண்ணும் ஆகாதே?"

சரி, இதைக் கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் வருகிற போர்டுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு நினைப்பால்தான் சாகின்றன. உங்கள் கைக்கு ஷாக் அடிக்காது என்பது உங்கள் தோலைப் பற்றிய செய்தி. போர்டைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. காய்ந்த தோலுக்கு மின்தடை பல ஆயிரம் ஓம், அதனால் 5 வோல்ட்டை நீங்கள் உணர்வதே இல்லை. சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களை வெறும் கண்ணால் பார்க்கவே முடியாது, அவற்றைக் காக்கும் படலம் அதைவிட மெல்லியது, அவை 3.3 வோல்ட்டுக்கு என்று அளவெடுத்துச் செய்தவை. 3.3-க்கும் 5-க்கும் நடுவில் 1.7 வோல்ட்தான் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், அது பாதிக்குப் பாதி அதிகம். சட்டை தைக்கிறவர் எடுத்த அளவைவிடப் பாதி அதிகமான உடம்பை அதற்குள் நுழைத்தால் என்ன ஆகும்?

"அப்படின்னா 5 வோல்ட் பின் எதுக்கு அதே வரிசையில் வச்சிருக்காங்க?" என்று அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. அந்தப் பின் போர்டிலிருந்து வெளியே மின்சாரம் கொடுக்க, சென்சார் மாதிரி ஏதாவது ஒன்றை ஓட்ட. அதிலிருந்து வெளியே எடுக்கலாம், அதை எடுத்து இன்னொரு ஜிபிஐஓ பின்னுக்குள் திருப்பிவிடக் கூடாது. வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் இருக்கிறது என்பதற்காக அதை ஸ்விட்ச் பெட்டிக்குள் திறந்துவிடுவோமா?

இன்னொன்று, "நாலு நாள் நல்லாத்தான் ஓடுச்சு, அப்போ வயரிங் சரிதானே?" இல்லை. அதிக வோல்ட்டேஜில் சிப் உடனே செத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சில நேரம் அந்த ஒரு பின் மட்டும் போகும், பட்டனை அழுத்தினாலும் விட்டாலும் ஒரே விடை சொல்லும். சில நேரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனமாகி, பிறகு ஒரு நாள் மொத்தமாகப் போகும். ஓடிய நாட்கள் இணைப்பு சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

பட்டனுக்குச் சரியான வழி சின்னது. ஒரு கால் ஜிபிஐஓ பின்னுக்கு, மறு கால் கிரவுண்டுக்கு, 5 வோல்ட்டுக்கு இங்கே வேலையே இல்லை. பின்னை உள்ளீடாக வைத்து, உள்ளேயே 3.3 வோல்ட் பக்கம் இழுத்துவைக்கும் (புல்-அப்) வசதி போர்டிலேயே இருக்கிறது; அழுத்தாதபோது உயர்நிலை, அழுத்தினால் தாழ்நிலை. முடிந்தால் பின்னுக்கும் பட்டனுக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டுவிடுங்கள். காரணம், அதே பின்னை முந்தின ப்ராஜெக்டில் எல்இடிக்காக வெளியீடாக வைத்துவிட்டு மறந்திருந்தால், பட்டனை அழுத்தும்போது நேராக கிரவுண்டுக்கு ஷார்ட் ஆகும். அந்த ஒரு ரெசிஸ்டர் அதைத் தாங்கிக்கொள்ளும்.

இதே தவறின் இன்னொரு முகம், தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், அதாவது ஹெச்சி-எஸ்ஆர்04. இரண்டு கண் மாதிரி இருக்குமே, அதுதான். அது 5 வோல்ட்டில் ஓடும், அதன் எக்கோ காலிலிருந்து திரும்பி வருவதும் 5 வோல்ட். நேராகப் போர்டில் சொருகாதீர்கள். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து 2 கிலோ ஓம் கிரவுண்டுக்கு, இரண்டும் சேரும் இடத்திலிருந்து ஜிபிஐஓ பின்னுக்கு வயர். அங்கே சுமார் 3.3 வோல்ட் வரும். 2 கிலோ ஓம் கையில் இல்லையென்றால் இரண்டு 1 கிலோ ஓமை வரிசையாகப் போட்டால் போதும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டால் 1.7 வோல்ட்தான் வரும், போர்டுக்கு ஒன்றும் ஆகாது, அளவுதான் ஒழுங்காக வராது. அப்போது சென்சார் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் பின் எண். இதை எத்தனை முறை சொன்னாலும் தீராது. ஸ்க்ராட்ச் கட்டத்தில் 17 என்று வருவது ஜிபிஐஓ எண். போர்டில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் அது 11-வது இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்து 17-வது இடத்தில் சொருகினீர்கள் என்றால் அங்கே இருப்பது 3.3 வோல்ட் சப்ளை, எல்இடி எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், பிள்ளை ப்ரோகிராமைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. ஜிபிஐஓ 4 என்று படித்துவிட்டு 4-வது இடத்தில் பட்டனைச் சொருகினால்? 2-வதும் 4-வதும் 5 வோல்ட் பின்கள். பட்டனின் மறு கால் கிரவுண்டில் இருக்கிறது. அழுத்திய நொடியில் சப்ளையே ஷார்ட். 40 பின் உள்ள போர்டின் படத்தை அச்செடுத்து மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள், நாங்களே நினைவிலிருந்து சொருகுவதில்லை.

எல்இடிக்கு ரெசிஸ்டர் வேண்டுமா என்று இன்னும் கேட்கிறார்கள். வேண்டும். 330 ஓம் போதும், சிவப்பு எல்இடி சுமார் 4 மில்லிஆம்பியரில் நன்றாகவே எரியும். பை 4 வரையிலான போர்டுகளில் ஒரு பின்னிலிருந்து 16 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டால் மோட்டாரை நேராகப் பின்னில் சொருகலாமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்: பொம்மைக் காரில் இருக்கும் சின்ன மோட்டார்கூட நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் இழுக்கும், நின்றுபோனால் இன்னும் அதிகம். எல்293டி மாதிரி ஒரு மோட்டார் டிரைவர் (பின்னின் சின்ன சிக்னலை வாங்கி பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு அனுப்பும் சிப்), மோட்டாருக்குத் தனி பேட்டரி, இரண்டு கிரவுண்டையும் சேர்த்துக் கட்டுங்கள், முடிந்தது.

திரையின் மூலையில் மின்னல் குறி வந்தால் அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். சப்ளை 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது என்று போர்டு உங்களிடம் சொல்கிறது. பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும், பழைய போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் போதாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கவும் வேண்டாம். எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்று, மறுநாள் போர்டு தொடங்காமல் போகும், உடனே போர்டு செத்தது என்று என்னிடம் கொண்டுவருவீர்கள். அப்படி வந்தவற்றில் பல, கார்டை மாற்றியதும் எழுந்து நின்றவை.

ரிலே (சிக்னலால் இயங்கும் ஸ்விட்ச்) வாங்கி வீட்டு விளக்கை ஸ்க்ராட்சில் எரியவைக்கலாம் என்று பிள்ளை கேட்டால், கூடாது. இதில் மட்டும் எந்தப் பேச்சும் வேண்டாம். இதுவரை சொன்னதெல்லாம் போர்டின் உயிர், வீட்டு மின்சாரம் பிள்ளையின் உயிர். ரிலே பழக வேண்டுமென்றால் பேட்டரியில் எரியும் விளக்கு ஒன்றை வைத்துப் பழகட்டும்.

வயரைத் தொடுவதற்கு முன் மெனுவில் போய் போர்டை நிறுத்துங்கள் (ஷட் டவுன்), பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். முதல் பின் 3.3 வோல்ட், அதை ஒட்டியே இரண்டாவது பின் 5 வோல்ட். பவர் இருக்கும்போது ஒரு ஜம்பர் வயரின் முனை வழுக்கி இந்த இரண்டையும் தொட்டால் போதும், பை 4 அங்கேயே முடிந்தது. சொருகி முடித்ததும் ஒவ்வொரு வயரையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரலால் தடவிக்கொண்டே போய், எங்கிருந்து எங்கே போகிறது என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டியதில்லை, "5 வோல்ட்" என்ற சொல் வந்தால் "அது எங்கே போய் முடியுது?" என்று மட்டும் கேளுங்கள்.

அந்தப் பையனை அன்றைக்கே அனுப்ப மனம் வரவில்லை. என்னிடம் பயிற்சிக்கென்று வைத்திருக்கும் பழைய பை 3 ஒன்றைக் கொடுத்து, பட்டனை மறுபடி கட்டச் சொன்னேன். கை நடுங்கியது. கிரவுண்டுக்கு ஒன்று, 11-வது இடத்துக்கு ஒன்று, நடுவில் 1 கிலோ ஓம். பவர் போட்டோம், பூனை 10 அளவு குதித்தது. அந்த எண்ணை 50 ஆக்கச் சொன்னேன். அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மாற்றவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே 50 என்று அடித்து, பட்டனை அழுத்திவிட்டு, சட்டென்று சிப்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். சூடு இல்லை. அப்புறம் 500 என்று மாற்றினான்.