இரைப்பையை எடுத்தவர்கள் எந்த டாக்டரிடமும் முதலில் சொல்ல வேண்டியது

"செருப்பு கால்ல இருந்து கழண்டு போறதே தெரியல டாக்டர். ரெண்டு தடவை வெறுங்காலோட வீட்டுக்கு வந்துட்டேன்" என்றார் அந்தப் பெரியவர். புற்றுநோய்க்காக அவருடைய இரைப்பையை முழுவதும் எடுத்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சர்க்கரை நோயாக இருக்குமோ என்று வேறு இடத்தில் பார்த்திருக்கிறார்கள், சர்க்கரை இல்லை. கண்ணை மூடி நிற்கச் சொன்னேன். ஒரு பக்கமாகச் சாய்ந்தவரை மகள்தான் பிடித்துக்கொண்டார். வைட்டமின் பி12 ஊசி போடுகிறீர்களா ஐயா என்று கேட்டேன்.

"உடம்பு நல்லாத்தான இருந்துச்சு, எதுக்குன்னு விட்டுட்டேன்."

உணவில் உள்ள பி12 உடலில் சேர, இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். இரைப்பை போனால் அதுவும் போய்விடும். கல்லீரலில் இருப்பு இருப்பதால் ஊசியை நிறுத்திய மறுமாதமே எதுவும் ஆகிவிடாது. ஓரிரு ஆண்டுகள்கூட ஓடிவிடும். அதனால்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இருப்பு தீர்ந்ததும் ரத்தசோகை வரும், நரம்பும் கெடும். கடையில் வாங்கும் சாதாரண சத்து மாத்திரை இதற்குப் போதாது. முழு இரைப்பையும் எடுத்தவருக்கு பி12 ஆயுள் முழுக்க வேண்டும்.

இந்த அறுவையில் இரைப்பையை எடுத்தபின் சிறுகுடலை மேலே கொண்டுவந்து உணவுக்குழாயோடு தைக்கிறோம். பித்தநீர் வரும் குடலை அதற்கு 40 முதல் 60 செ.மீ. கீழே இணைக்கிறோம், பித்தநீர் தொண்டைவரை ஏறாமல் இருக்க. சுவிட்சர்லாந்தின் சேசர் ரூ என்ற அறுவை மருத்துவரின் பெயரில் வழங்கும் முறை இது. தையல் கசிவு பெரும்பாலும் முதல் பத்து நாட்களுக்குள் தெரிந்துவிடும். காய்ச்சலுக்கு முன்பே நாடித்துடிப்பு ஏறும். வார்டில் நர்ஸ் அடிக்கடி கையைப் பிடித்துப் பார்ப்பது அதற்காகவும்தான். வீட்டுக்குப் போன பிறகு வருபவற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

சாப்பாட்டைத் தேக்கிவைக்கப் பை இல்லை. இனிப்பு டீயோ பாயசமோ ஒரே மூச்சில் குடித்தால் நேராகக் குடலில் இறங்கி, உடம்பிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுக்கும். அரைமணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து சர்க்கரை இறங்கிக் கைநடுக்கம் வரும். நாளுக்கு ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். ஒரு இட்லியை எட்டாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் கூழாகும்வரை மெல்லுங்கள். முட்டை, மீன், பருப்பு முதலில் உள்ளே போகட்டும். தண்ணீர் அரைமணி நேரம் தள்ளி. முருங்கைக்காய்ச் சக்கை, ஆரஞ்சுச் சக்கை வேண்டாம். அவை திரண்டு குடலை அடைத்துக்கொள்ளும்.

நான் மிகவும் பயப்படுவது 'கேஸ்' என்ற சொல்லுக்கு. குடலை இடம் மாற்றி இணைக்கும்போது உள்ளே இடைவெளிகள் உண்டாகின்றன. தைத்து மூடினாலும், எடை குறைந்து கொழுப்பு கரையக் கரைய அவை மறுபடி திறக்கலாம். அதற்குள் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்ளும். சாப்பிட்டபின் பிடித்து இழுக்கும் வலி, சில நாள் தானாகவே விட்டுவிடும்; வாந்தி இல்லாமலும் இருக்கலாம். கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். வலி விடாமல் தொடர்ந்தால் சில மணி நேரத்திலேயே குடல் கருத்துப்போகும். வலி வந்து வந்து போகிறதா, அறுவை செய்த டாக்டரிடம் போய் சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். கடும் வலி என்றால் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள்.

இன்னொன்று, நாள்கணக்கில் வாந்தி எடுத்தவரைப் பக்கத்துக் கிளினிக்கில் "தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று படுக்க வைப்பது. வைட்டமின் பி1 சத்து வற்றியிருக்கும் உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகும், நடை தடுமாறும், பேச்சு குழம்பும். பி1 ஊசி முதலில் போக வேண்டும். அதை டாக்டர் யோசிக்க வேண்டுமானால், இரைப்பை எடுத்தவர் என்பதை நீங்கள் வாய்திறந்து சொல்ல வேண்டும். வயிற்றுத் தழும்பைப் பார்த்து உள்ளே என்ன செய்திருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பெரியவருக்கு ஊசியை மறுபடி தொடங்கினோம். ஆறு மாதத்தில் தள்ளாட்டம் குறைந்தது. பாத மரமரப்பு முழுதாகப் போகவில்லை. என்ன அறுவை, எந்தத் தேதி, அடுத்த ஊசி எப்போது என்று அவர் மகள் ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் செய்துவிட்டார். அது இப்போது அவருடைய சட்டைப்பையில், ரேஷன் கார்டோடு ஒரே உறையில் இருக்கிறது.