மாத்திரைக்கு ஏறாத ரத்தம்: தலசீமியாவும் மரபணு வெளிப்பாடும்

"ரெண்டு வருஷமா அயர்ன் மாத்திரை சாப்பிடறேன், ரத்தம் ஏறவே மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் இரும்புச்சத்துக் குறைபாடே இருப்பதில்லை. அவர்களிடம் குறைந்திருப்பது, ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் என்னும் புரதத்தை உண்டாக்கும் மரபணு வேலை செய்கிற அளவு. இதையே பீட்டா தலசீமியா என்கிறோம். சேலத்தில் ஹீமோகுளோபின் கோளாறுகளைப் பரிசோதிக்கும் ஆய்வகப் பணியில் இருப்பதால், இந்த வேறுபாடு தெரியாமலேயே திருமணம், கருத்தரிப்பு, பிரசவம் என எல்லாவற்றையும் கடந்துவிட்டு, நோயுற்ற குழந்தையோடு வந்து நிற்கும் குடும்பங்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். மரபணு என்றாலே தலையெழுத்து என்று நினைப்பவர்களுக்கு, ஒரு மரபணு இருப்பது வேறு, அது எந்த அளவுக்கு வெளிப்படுகிறது என்பது வேறு என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனித உடலில் புரதங்களை உண்டாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. கண்ணில் உள்ள செல்லானாலும் கல்லீரல் செல்லானாலும் எலும்பு மஜ்ஜையில் உள்ள செல்லானாலும் தொகுப்பு ஒன்றுதான். ஹீமோகுளோபினுக்கான மரபணு கண்ணிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அது வாய் திறப்பதில்லை. எந்த செல்லில், எந்த வயதில், எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். தேவைப்படும்போது மட்டும் மரபணு இயங்குவதற்கான கட்டுப்பாட்டு முறை ஒன்று உண்டு என்பதை பாக்டீரியாக்களைக் கொண்டு 1961-இல் விளக்கியவர்கள் பிரான்ஸ் நாட்டின் பிரான்சுவா ஜாக்கப்பும் ஜாக் மோனோவும் ஆவர். 1965-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஆந்த்ரே ல்வாஃப் என்பவரோடு சேர்ந்து அவர்கள் பெற்றனர்.

அரிவாள் செல் நோயும் பீட்டா தலசீமியாவும் ஒரே மரபணுவில் வருகிற இரு வேறு கோளாறுகள். அரிவாள் செல் நோயில் மரபணுவின் டி.என்.ஏ. வரிசையில் ஓர் எழுத்து மாறுவதால் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிவிடுகிறது. புரதம் போதிய அளவு உற்பத்தியாகிறது, ஆனால் அதன் தன்மை கெட்டுவிடுகிறது. தலசீமியாவில் பெரும்பாலும் நேர்மாறு: உற்பத்தியாகும் கொஞ்சம் புரதம் பழுதற்றது, ஆனால் அளவு போதாது. எனவே தலசீமியாவை வெளிப்பாட்டின் நோய் என்றே சொல்லலாம்.

பீட்டா குளோபின் மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் புரதத்துக்கான குறிப்பு உள்ள மூன்று எக்ஸான்களும் அவற்றுக்கு இடையே இரண்டு இன்ட்ரான்களும் உண்டு. செல் முதலில் முழு நீளத்தையும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து, பிறகு இன்ட்ரான்களை வெட்டி நீக்கி, எக்ஸான்களை ஒன்றோடொன்று ஒட்டி, அந்தத் தூது ஆர்.என்.ஏ.வைப் புரதம் கட்டும் இடத்துக்கு அனுப்புகிறது. மரபணுக்கள் இப்படித் துண்டு துண்டாக அமைந்திருக்கின்றன என்பது 1977-இல்தான் தெரியவந்தது. அதைக் கண்டறிந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸுக்கும் பிலிப் ஷார்ப்புக்கும் 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்திராவிட்டால், இந்தியாவில் மிகப் பரவலாகக் காணப்படும் தலசீமியா மாற்றம் எதனால் நோயைத் தருகிறது என்பதே நமக்குப் புரிந்திருக்காது.

அந்த மாற்றத்தை ஐ.வி.எஸ். 1-5 என்று குறிப்பிடுவோம். முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்தான ஜி, சி ஆக மாறியிருக்கும், அவ்வளவுதான். அது வெட்டி எறியப்படப்போகும் பகுதியில் இருக்கிற எழுத்து. புரதத்தின் அமினோ அமில வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எங்கே வெட்ட வேண்டும் என்பதை செல் அறிந்துகொள்வது இன்ட்ரானின் தொடக்கத்தில் உள்ள இந்தச் சில எழுத்துகளைக் கொண்டுதான். அடையாளம் மங்கியதும், வெட்டும் பொறி அருகிலேயே ஏறக்குறைய அதேபோல் தோன்றும் வேறு இடங்களைப் பிடித்துக்கொண்டு அங்கே வெட்டிவிடுகிறது. தவறாக வெட்டப்பட்ட ஆர்.என்.ஏ.விலிருந்து பயனுள்ள புரதம் கிடைப்பதில்லை. எப்போதாவது சரியான இடத்தில் வெட்டு விழும்போது மட்டும் நல்ல பீட்டா குளோபின் உண்டாகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்ற குழந்தைக்கு, அந்தச் சிறிதளவு ஒருபோதும் போதுவதில்லை. ஹீமோகுளோபினில் பீட்டாவோடு இணைய வேண்டிய ஆல்ஃபா என்னும் புரதச் சங்கிலிகள் துணையில்லாமல் மிஞ்சி, மஜ்ஜையிலுள்ள இளம் சிவப்பணுக்களுக்குள் படிந்து, அவை வெளியே வருவதற்கு முன்பே அவற்றை அழித்துவிடுகின்றன. இந்த நோயில் பெரும்பகுதிச் சேதம் குறைந்துபோன பீட்டாவால் நேர்வதில்லை, மிஞ்சிப்போன ஆல்ஃபாவால் நேர்கிறது என்பதை மருத்துவ மாணவர்கள்கூடச் சில வேளைகளில் மறந்துவிடுகிறார்கள்.

"பொறந்தப்போ கொழுகொழுன்னு இருந்தானே" என்று தாய்மார்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆல்ஃபாவும் காமாவும் சேர்ந்த வேறொரு ஹீமோகுளோபின் இருக்கிறது. பிறக்கும்போது மொத்த ஹீமோகுளோபினில் சுமார் 60 முதல் 80 சதவீதம் அதுதான். பிறந்த சில மாதங்களில் காமா மரபணு மெல்ல ஒடுங்க, பீட்டா மரபணு பொறுப்பேற்கிறது. ஒரு வயதை நெருங்கும்போது கருப்பருவ ஹீமோகுளோபின் ஓரிரு சதவீதமாகச் சுருங்கிவிடும். பீட்டா பழுதான குழந்தைக்குக் காமா இயங்கும் வரை குறை வெளியே தெரியாது. பொறுப்பு கைமாறும் ஆறாம் மாதத்தையொட்டித்தான் முகம் வெளுக்கத் தொடங்கும், பால் குடிக்கும் ஆர்வம் குறையும், வயிறு உப்பும். ஆகவே பிறந்தபோது எடை நன்றாக இருந்தது என்பது தலசீமியா இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இனி, ஒற்றை மாற்றம் மட்டும் உள்ளவர்களைப் பார்ப்போம். இவர்களையே கேரியர் என்கிறோம். இவர்கள் நோயாளிகள் அல்லர். ஒரு மரபணு சரியாக இயங்குவதால் வாழ்நாள் முழுவதும் இயல்பாகவே இருப்பார்கள். ஆனால் ரத்த எண்ணிக்கை அறிக்கை அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். உதாரணத்துக்கு, ஹீமோகுளோபின் 10.2, சிவப்பணு எண்ணிக்கை 54 லட்சம் (அதாவது 5.4 மில்லியன்), சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் குறிக்கும் எம்.சி.வி. 62 என்று ஓர் அறிக்கை வருவதாக வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் கம்மி என்ற ஒரு வரியைப் பார்த்ததுமே மாத்திரை எழுதிவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. ஆனால் இரும்புச்சத்து இல்லாதவருக்குச் சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் குறைந்திருப்பதே வழக்கம். இங்கே அணுக்கள் சிறுத்திருந்தும் எண்ணிக்கை தாராளமாக இருக்கிறது. 62-ஐ 5.4-ஆல் வகுத்தால் 11.5 வருகிறது; இந்த ஈவு 13-க்குக் கீழே இருந்தால் தலசீமியா கேரியராக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். இது தோராயக் கணக்கு, தீர்ப்பு ஆகாது. இருந்தாலும், கையிலிருக்கும் பழைய அறிக்கையிலேயே காசு செலவில்லாமல் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. கேரியர்களுக்கு இரும்புச்சத்தே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் அவர்களுக்கும், குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு, மாத்திரை தேவைதான். அளந்து பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் கொடுப்பதே தவறு.

உறுதிசெய்யும் சோதனைக்கு எச்.பி.எல்.சி. என்று பெயர். அது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று காட்டும். நாங்கள் முதலில் பார்ப்பது ஏ2 என்ற சிறு வகையை. அது டெல்டா என்னும் பக்கத்து மரபணுவிலிருந்து வருகிறது. பீட்டா குறையும்போது ஆல்ஃபாவோடு சேரும் வாய்ப்பு டெல்டாவுக்குக் கூடுவதால் ஏ2 உயர்கிறது. 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா கேரியர் என்று கொள்வது வழக்கம். ஆனால் 3.3, 3.6 என்று வரும் எல்லைக்கோட்டு அறிக்கைகளைக் கையாளுவதில்தான் ஆய்வகத்தின் தரம் தெரியும். கடுமையான இரும்புச்சத்துக் குறைபாடு ஏ2 அளவைக் கீழே இழுத்து கேரியரை மறைத்துவிடலாம். ஆகவே அத்தகையவர்களுக்கு இரும்புச்சத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் சோதிக்க வேண்டும். "நார்மல்" என்று ஒரு சொல்லில் அறிக்கையை முடித்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை.

ஏற்காடு மலைக் கிராமங்களில் நடத்தும் முகாம்களுக்கு எச்.பி.எல்.சி. கருவியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே நெஸ்ட்ராஃப்ட் என்ற எளிய சோதனை கைகொடுக்கிறது. சிறு கண்ணாடிக் குழாயில் 0.36 சதவீத உப்புக் கரைசல் 2 மில்லி லிட்டர் எடுத்து, அதில் 20 மைக்ரோ லிட்டர் ரத்தத்தைக் கலந்து அரை மணி நேரம் வைக்கிறோம். இயல்பான சிவப்பணு அந்த நீர்த்த கரைசலில் ஊதி உடைந்துவிடும். குழாய் இளஞ்சிவப்பாகத் தெளிந்து, பின்னால் வெள்ளைத் தாளில் வரைந்துவைத்த கறுப்புக் கோடு பளிச்சென்று தெரியும். கேரியரின் அணு உடையாமல் தாக்குப்பிடிக்கும்; கரைசல் கலங்கலாகவே நிற்பதால் கோடு மறைந்துவிடும். கோடு தெரியவில்லை என்றால் அந்த நபரின் மாதிரியை ஆய்வகச் சோதனைக்கு எடுத்துக்கொள்கிறோம். இரும்புச்சத்துக் குறைபாட்டிலும் கோடு மறையக்கூடும் என்பதால், முகாமிலேயே யாரிடமும் "உங்களுக்குத் தலசீமியா" என்று சொல்லிவிடக் கூடாது என்று செவிலியர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ரத்த மாதிரி உள்ள ஊதா மூடிக் குழாய்களைக் கொண்டை ஊசி வளைவுகள் வழியே கீழே இறக்கும்போது ஐஸ் கட்டி நேரடியாகக் குழாயைத் தொடாமல் அட்டை வைத்துப் பிரிக்க வேண்டும். குளிரில் உறைந்துபோனால் அணுக்கள் உடைந்து எண்ணிக்கையே எடுக்க முடியாமல் போய்விடும்.

ஏ2 உயர்ந்திருப்பது தெரிந்த பிறகு, எந்த மாற்றம் என்று அறிய டி.என்.ஏ. தேவை. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. எனவே சிவப்பணு நோய்க்கான டி.என்.ஏ.வை வெள்ளையணுவிலிருந்துதான் பிரித்தெடுக்கிறோம். பி.சி.ஆர். முறையில் பீட்டா மரபணுவைப் பெருக்கி, நம் நாட்டில் பரவலாக உள்ள சில மாற்றங்களை முதலில் தேடுவோம். கிடைக்காவிட்டால் முழு மரபணுவின் எழுத்து வரிசையையும் படிப்போம். அதிலும் புதிதாக ஒரு மாற்றம் தென்பட்டு, அது நோய் தருமா தராதா என்ற கேள்வி எழுந்தால், பதில் சொல்ல வேண்டியது ஆர்.என்.ஏ.தான். மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளியேறிய ரெட்டிகுலோசைட் எனும் இளம் சிவப்பணுவில் குளோபின் தூது ஆர்.என்.ஏ. இன்னும் எஞ்சியிருக்கும். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் நொதியை 1970-இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்ததால் அதை அளப்பது சாத்தியமாயிற்று. கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையின் அடிப்படையும் இதுவே. சி.டி. வேல்யூ குறைந்தால் வைரஸ் அதிகம் என்று அன்று படித்தோமே, அதேபோல இங்கே சி.டி. வேல்யூ குறைந்தால் அந்த மரபணுவின் ஆர்.என்.ஏ. அதிகம். எந்த செல்லிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இயங்கும் வேறொரு மரபணுவோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. தொல்லை என்னவென்றால், டி.என்.ஏ. பொறுத்துக்கொள்ளும் வெயிலை ஆர்.என்.ஏ. பொறுக்காது, சேலத்து ஏப்ரல், மே மாதங்களில் ஆர்.என்.ஏ.வைக் காக்கும் தனிக் கரைசல் கொண்ட குழாயில் எடுக்காவிட்டால் கூரியரில் போய்ச் சேருவது சிதைந்த துணுக்குகளாகத்தான் இருக்கும். ரத்தத்திலுள்ள எல்லா மரபணுக்களின் வெளிப்பாட்டையும் ஒருசேரப் படிக்கும் ஆராய்ச்சியாளர்களோ, எங்கும் நிறைந்திருக்கும் குளோபின் ஆர்.என்.ஏ.வை முதல் வேலையாக வடித்துக் கொட்டிவிடுகிறார்கள். நாங்கள் தேடி அலைவது அவர்களுக்கு இடைஞ்சல்!

கணவன் மனைவி இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வரும் வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி அடுத்த மூன்றுக்கும் பயமில்லை என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாய்ப்பு ஒவ்வொரு முறையும் புதிதாகவே தொடங்குகிறது. மாமன் மகனையோ அக்கா மகளையோ மணக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருப்பதால், ஒரே மாற்றம் இரு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பும் கூடுகிறது. என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. கர்ப்பிணிக்கு முதலில் பரிசோதனை நடப்பதால், ஏ2 உயர்ந்திருப்பது அவளிடம்தான் முதலில் தெரியவருகிறது. "எங்க வம்சத்துல இப்படி இல்ல" என்று மாமியார் வீட்டில் பேச்சு எழ, கணவர் தன் ரத்தத்தைக் கொடுக்கவே மறுத்துவிடுகிறார். அவர் கேரியர் இல்லை என்று தெரிந்தால் குழந்தைக்குப் பீட்டா தலசீமியா மேஜர் என்னும் கடும் நோய் வருமோ என்ற கவலையே பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்று எடுத்துச் சொல்லியும் நாட்கள் கரைகின்றன. நாட்களோ மிக முக்கியம்: நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிப்பதற்கு ஏற்ற காலம் 10 முதல் 13 வாரம் வரை, அதற்குள் பெற்றோர் இருவரின் மாற்றமும் எது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த முடிவை வைத்து என்ன செய்வது என்பது தம்பதியரின் உரிமை. அதில் ஆய்வகம் தலையிடுவதற்கு ஒன்றுமில்லை.

நோயுற்ற குழந்தைக்கு இரண்டு முதல் ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு யூனிட்டும் சுமார் 200 மில்லி கிராம் இரும்பைக் கூடவே கொண்டுவருவதால் அதை வெளியேற்றும் மருந்தும் தேவை. மஜ்ஜை மாற்று சிகிச்சை குணமாக்கும். ஆனால் பொருந்தும் கொடையாளி வேண்டும். காமா மரபணுவை ஒடுக்கிவைக்கும் பி.சி.எல்.11.ஏ. என்ற மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியை, சிவப்பணுக்களில் மட்டும் செயல்படும் அந்தத் துண்டை, கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையில் வெட்டிக் கருப்பருவ ஹீமோகுளோபினை மறுபடி தூண்டும் கேஸ்ஜெவி சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் ஒப்புதல் வழங்கியது. பழுதான பீட்டாவைத் தொடாமலேயே வெளிப்பாட்டை மாற்றி நோயைத் தீர்க்கும் வழி இது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். நம் குடும்பங்கள் இப்போதைக்கு அதை நம்பி இருக்க முடியாது.

ஆறு மாதக் குழந்தை வெளுத்துப்போய் அவசரமாக ரத்தம் ஏற்றும் நிலையில் வந்தால், மருத்துவர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்டுக்கொள்வது, முதல் யூனிட் ஏறுவதற்கு முன்பே இரண்டு மில்லி ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள் என்பதே. ஏற்றிய பிறகு எச்.பி.எல்.சி. காட்டுவதில் பெரும்பங்கு கொடையாளியின் ஹீமோகுளோபினாக இருக்கும். மறுபடி நம்பகமான மாதிரி எடுக்க ஏறக்குறைய மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், அந்தக் குழந்தையோ அதுவரை அடுத்த யூனிட் இல்லாமல் தாங்காது.