காரைக்குடியில் காலை 5:30, ஆண்டு 1970

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியறையில் இருக்கும் இரண்டு சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. ஐப்பசி மழையில் ஓர் இரவு கரண்ட் போய், யுபிஎஸ்சும் தீர்ந்து, நடுராத்திரிக்கு மேல்தான் கரண்ட் வந்தது. காலையில் போனால் ஒரு சர்வரில் விசிறி நின்றிருக்கிறது. எப்போது நின்றது? பதிவைத் திறந்தேன். 1970 ஜனவரி 1, காலை 5:30:41 என்றது.

எழுதியது சர்வர் அல்ல. அதற்குள் தனியாக இயங்கும் பிஎம்சி என்ற குட்டிக் கணினி. சர்வர் அணைந்திருந்தாலும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை இது விழித்திருக்கும். வெப்பம், மின்னழுத்தம், விசிறி வேகம் எல்லாவற்றையும் கவனித்துப் பதிவேட்டில் குறிக்கும். முதலாளி சிங்கப்பூரில் இருக்க, பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கடம் என்னவென்றால், பல போர்டுகளில் இந்தக் காவல்காரர் கையில் கடிகாரம் கிடையாது. போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி சர்வரின் கடிகாரத்துக்கு மட்டும்தான். மின்சாரம் அடியோடு போனால் பிஎம்சி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும்.

பல கணினிகளுக்குப் பூஜ்யம் என்பது 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு. நமக்கு அப்போது காலை 5:30. இதற்கு, பிஎம்சி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும், 1998-இல் வந்த ஐபிஎம்ஐ விதிமுறையில் அழகான ஓர் ஏற்பாடு உண்டு. பதிவில் உள்ள விநாடி எண் சுமார் 53 கோடியே 68 லட்சத்துக்குள் இருந்தால், அதாவது தேதி 1987 ஜனவரி முதல் வாரத்தைத் தாண்டவில்லை என்றால், அதைத் தேதியாகவே எடுக்கக்கூடாது. 'நான் எழுந்து இத்தனை விநாடி ஆயிற்று' என்றுதான் அதற்குப் பொருள். ஆக, பிஎம்சி எழுந்த 41-ஆவது விநாடியில் விசிறி நின்றிருக்கிறது. சரி, எழுந்தது எத்தனை மணிக்கு?

சர்வர் துவங்கும்போது முதலில் ஓடும் மென்பொருளான பயாஸ், சர்வரின் கடிகாரத்தைப் பார்த்து பிஎம்சிக்கு மணி சொல்லும். அந்தக் கடிகாரமும் இரவல் கொடுக்கும் அளவுக்கு யோக்கியமானதல்ல. அதில் விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் துண்டு ஒன்று இருக்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் ஒரு விநாடி. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 விநாடி தவறும். 25 டிகிரியை ஒட்டித்தான் அது ஒழுங்காக இருக்கும். அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டுப் பட்டாலையில் தொங்கும் ஊசல் கடிகாரம், சித்திரை வெயிலில் தண்டு நீண்டு பின்தங்கும், மார்கழியில் முந்தும். குவார்ட்ஸ் இரண்டு பக்கமும் பின்தங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். போதாக்குறைக்கு, சர்வர் கடிகாரத்தில் கிரீன்விச் நேரம் வைத்திருக்கிறதா, இந்திய நேரமா என்ற குழப்பம் வந்தால் ஐந்தரை மணி நேரம் போச்சு.

இதற்கு மருந்து, டேவிட் மில்ஸ் உருவாக்கி 1985-இல் வெளிவந்த என்டிபி, அதாவது நெட்வொர்க் வழியே இன்னொரு கணினியிடம் மணி கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை. அது எப்படி என்றால்: அப்பத்தா எதிர்த்தெரு வீட்டில் மணி பார்த்துவர ஒரு பையனை அனுப்புகிறார். நம் கடிகாரத்தில் 10:00-க்குக் கிளம்புகிறான். அங்கே போய்ச் சேரும்போது அவர்கள் கடிகாரத்தில் 10:07. அங்கிருந்து கிளம்பும்போது 10:08. திரும்பி வந்தால் நம் கடிகாரத்தில் 10:05. மொத்தம் ஐந்து நிமிடம். அங்கே நின்றது ஒன்று. நடந்தது நான்கு, வழிக்கு இரண்டு. அப்படியானால் அவன் போய்ச் சேர்ந்தது நம் கணக்கில் 10:02. நம் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்தங்கியிருக்கிறது. பையன் திரும்பும்போது டீக்கடையில் நின்றால் கணக்குக் கெடும். நெட்வொர்க்கிலும் அதே கதைதான். அதனால்தான் என்டிபி பலமுறை ஆள் அனுப்பி, சீக்கிரம் திரும்பியவனை அதிகம் நம்புகிறது.

எங்கள் பிஎம்சிக்கு என்டிபி வைக்கவே இல்லை. பாதுகாப்புக்காக இணையம் இல்லாத தனி இணைப்பில் விட்டிருந்தோம். மணி சொல்ல உள்ளேயே ஒரு சர்வர் வைத்திருக்க வேண்டும், விட்டுவிட்டோம். ஆனாலும் பதிவில் ஒரு ஜோடி வரி கிடைத்தது: 'நேரம் மாற்றப்பட்டது'. முதல் வரியில் பழைய நேரம், 5:31:18. அதாவது 78-ஆவது விநாடி. அடுத்த வரியில் புதிய நேரம், இரவு 2:14:36. இடைவெளி 37 விநாடி. கழித்தால் விசிறி நின்றது 2:13:59-க்கு.

அப்புறம் பயாஸ் கடிகாரத்தை என் கைபேசியோடு ஒப்பிட்டேன். மூன்று நிமிடம் பின்தங்கி இருந்தது. தாளில் 2:13:59-ஐ அடித்துவிட்டு 2:16:59 என்று எழுதினேன்.