குழந்தை கறுப்புல வரைஞ்சா எனக்கு போன் பண்ணாதீங்க

குழந்தைங்க வரைஞ்ச படத்தை போட்டோ எடுத்து "மேடம் இதுக்கு என்ன அர்த்தம்"னு வாட்ஸப் அனுப்புறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. நான் குழந்தைகளுக்கான கவுன்சிலர், மும்பை தாராவி பக்கம் பசங்க வர்ற சில சென்டருக்கு போயிட்டு இருக்கேன். சனி ஞாயிறு டிராயிங் ஒர்க்‌ஷாப் எடுக்க வர்ற உங்கள மாதிரி வாலண்டியர்ஸ் மேல எனக்கு நிஜமாவே மரியாதை உண்டு, லீவு நாள்ல படுத்து தூங்காம அந்தேரில இருந்தும் முலுண்ட்ல இருந்தும் ரயில் ஏறி வர்றாங்க. ஆனா படத்தை பாத்து ஜோசியம் சொல்றாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல.

லேட்டஸ்ட்டா ஒரு பையன், ரெண்டாங்கிளாஸ். வீடு வரையச் சொன்னாங்க, வரைஞ்சான். ஜன்னல் இல்ல, வீட்டுக்கு வெளிய ஒரு ஏணி, வாசல்ல வீட்டு உயரத்துக்கு ஒரு டிரம், ஓரத்துல சின்னதா அம்மா, எல்லாமே கறுப்பு கிரேயான். வாலண்டியர் பொண்ணு ஏதோ ரீல்ஸ்ல பாத்திருக்கு. ஜன்னல் இல்லன்னா மனசுக்குள்ள அடைஞ்சு கிடக்கான், ஏணின்னா தப்பிச்சு ஓட ஆசை, அம்மா சின்னதுன்னா பாசம் கிடைக்கல, கறுப்புன்னா கேக்கவே வேணாம், டிப்ரெஷன். அதோட விட்டிருந்தாலும் பரவால்ல, அத்தனை பசங்க முன்னாடியும் "வீட்ல யாராச்சும் உன்னை அடிக்கிறாங்களா, அக்காகிட்ட சொல்லு"ன்னு கேட்டு வச்சிருக்கு. சாயங்காலத்துக்குள்ள சந்து முழுக்க அதே பேச்சு. அவங்கம்மா விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு இட்லி அவிச்சு யாவாரத்துக்கு அனுப்புறவங்க, திருநெல்வேலி பக்கம், என்கிட்ட வந்து "புள்ளையப் போட்டு அடிக்கோம்னு எல்லாரும் பேசுதாவம்மா, படமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்"னு அழுதாங்க. பையன் இப்ப சென்டர் பக்கமே வர்றதில்ல.

சரி, அந்த படத்துல என்னதான் இருந்துச்சு? அவன் வீடு இருந்துச்சு. பத்துக்கு பத்து ரூம், மூணு பக்கமும் பக்கத்து வீட்டு சுவரு, ஜன்னல் எங்க வைக்கிறது? மாடி ரூமுக்கு ஏறுறதே வெளிய நிக்கிற அந்த இரும்பு ஏணியிலதான், ஸ்கூல் பையை மாட்டிக்கிட்டு தினமும் அதுல இறங்குறான், அதை வரையாம எதை வரைவான்? குழாய்ல தண்ணி வர்றது கொஞ்ச நேரம், அதுக்குள்ள டிரம் ரொம்பலன்னா அன்னிக்கு பொழப்பே நாறிடும், அப்ப அந்த வீட்ல பெரிய ஆளு டிரம்தானே. ஏழு எட்டு வயசுல குழந்தைங்க அளவு பாத்து வரையறதில்ல, முக்கியமா படுறது பல நேரம் பெருசாகும், கடைசியா ஞாபகம் வந்தது மிச்சம் இருக்கிற இடத்துல ஒடுங்கிக்கும். அம்மா கடைசியா ஞாபகம் வந்தா பாசம் இல்லன்னு அர்த்தமான்னு இதுக்கும் யாராச்சும் கேப்பீங்க, இல்லங்க, பேப்பர் தீந்துருச்சு அவ்ளோதான்.

அப்புறம் இந்த கறுப்பு. கறுப்பு எடுத்தா சோகம், மஞ்சள் எடுத்தா சந்தோஷம்னு எவன் கிளப்பி விட்டானோ. நீங்க கொண்டு வர்ற பன்னெண்டு கலர் டப்பாவை நாலு பசங்களுக்கு நடுவுல வச்சு பாருங்க, சிவப்பையும் நீலத்தையும் பெரிய பசங்க அமுக்கிடுவாங்க, வெள்ளை பேப்பர்ல மஞ்சள் சரியா தெரியவே தெரியாது, மிச்சம் கறுப்பு, அதுதான் பளிச்சுன்னு விழும். சில பசங்களுக்கு கறுப்பு சும்மாவே புடிக்கும். எனக்கும்தான் புடிக்கும், என் புடவை பாதி கறுப்பு.

படத்தை வச்சு டெஸ்ட்டே இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, வீடு, மரம், மனுஷன் வரையச் சொல்ற டெஸ்ட்டை ஜான் பக்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1948லயே வெளியிட்டாரு. அதை எவ்ளோ நம்பலாம்னு எங்க ஆளுங்களுக்குள்ளயே இன்னும் அடிதடி. 1967ல சாப்மன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் தம்பதி ஒரு வேலை பண்ணாங்க, மனுஷப் படங்களையும் நோய் அறிகுறிகளையும் சம்பந்தமே இல்லாம ஜோடி சேத்து காலேஜ் பசங்ககிட்ட காட்டினாங்க, அப்பவும் அந்த பசங்க "சந்தேகப்படுற ஆளுங்க கண்ணை வித்தியாசமா வரையறாங்க"ன்னு இல்லாத தொடர்பை கண்டுபிடிச்சாங்க. அனுபவப்பட்ட நிபுணர்களும் அதையேதான் நம்பிட்டு இருந்தாங்க, அதுதான் வேடிக்கை. படிச்சவங்களுக்கே இந்த கதின்னா ரெண்டு ரீல்ஸ் பாத்துட்டு நீங்க எதுக்குங்க இறங்குறீங்க? நானே படத்தை பேச்சு கொடுக்க ஒரு சாக்காத்தான் வச்சுக்கிறேன். "இதப்பத்தி சொல்லேன்"னு கேப்பேன், சொன்னா கேட்டுக்குவேன், சொல்லலன்னா விட்டுடுவேன்.

நீங்களும் அவ்ளோ கேட்டா போதும். "இது என்ன"ன்னு கூட வேணாம், அது நாய்னு நமக்கு தெரியலயேன்னு அவனுக்கு சுருக்குன்னு ஆயிடும். போர்டுல ரெண்டு மலை நடுவுல சூரியன் வரைஞ்சு காட்டாதீங்க, மொத்த கிளாஸும் அதே மலையை காப்பி அடிக்கும், தாராவில ஏதுங்க மலை. படத்தை திருத்தாதீங்க. பக்கத்துலயே பானை செய்யறவங்க இருக்கிற கும்பார்வாடா இருக்கு, ஒரு வாரம் களிமண்ணு கேட்டு வாங்கிட்டு வந்து பாருங்க, கிரேயான் சண்டையே வராது.

இதுக்காக எல்லாத்தையும் கண்டுக்காம விடுங்கன்னு சொல்லல. குழந்தை தானா வாயைத் திறந்து ஏதாவது சொன்னா அது வேற விஷயம். அப்ப குறுக்க பேசாம கேளுங்க, தோண்டித் தோண்டி கேள்வி கேக்காதீங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிடாதீங்க, ஏன்னா நீங்க சொல்லித்தான் ஆகணும். அவன் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வச்சு அன்னிக்கே சென்டர் பொறுப்பாளர்கிட்ட சொல்லுங்க. பாலியல் தொல்லைன்னு தெரிஞ்சா 2012 போக்சோ சட்டப்படி போலீஸுக்கு சொல்லியே ஆகணும், வாலண்டியர்ங்கிறதால விலக்கு கிடையாது, மறைச்சா தண்டனை உண்டு, நல்ல எண்ணத்துல சொல்லி அது தப்பா போனா உங்க மேல கேஸ் வராது. குழந்தைகளுக்கான ஹெல்ப்லைன் 1098, அந்த நம்பரை போன்ல சேவ் பண்ணிக்கோங்க.

கடைசியா ஒண்ணு. குழந்தை முகத்தோட சேத்து படத்தை ஸ்டேட்டஸ்ல போட்டு கீழ ரெண்டு வரி சோகமா எழுதுறீங்களே, அவங்கம்மாகிட்டயும் போன் இருக்குங்க, அவங்களும் பாப்பாங்க. ஏற்கனவே போட்டிருந்தா இன்னிக்கே எடுத்துடுங்க.