மனத்தாழ்மை: அந்த ‘மனம்’ எங்கே போனது?

சிங்கப்பூரில் எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி மேல்வகுப்புக்குத் தமிழில் வேதபாடம் நடத்துவது என் பொறுப்பு. பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள், பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கிறவர்கள். பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ‘மனத்தாழ்மை’ என்ற சொல் வந்ததும் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“அங்கிள், இது தாழ்வு மனப்பான்மைதானே? எங்க ஸ்கூல்ல அது இருந்தா கவுன்சலர்கிட்ட அனுப்புவாங்க.”

வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி நியாயமானது. இரண்டிலும் ‘தாழ்’ இருக்கிறது, இரண்டிலும் ‘மனம்’ இருக்கிறது. பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

தாழ் என்பது பழைய வேர். கீழே இறங்குவது, தொங்குவது, வளைவது, பிந்துவது எல்லாம் அதற்குள் வரும். கூரை சரிந்து இறங்கும் இடம் தாழ்வாரம். வள்ளுவர் ‘தாழாது உஞற்றுபவர்’ என்பது தளர்ந்து பின்தங்காமல் உழைப்பவரை. அந்த வேரோடு ‘மை’ சேர்ந்தால் தாழ்மை, ‘வு’ சேர்ந்தால் தாழ்வு, ‘சி’ சேர்ந்தால் தாழ்ச்சி. அகராதியில் மூன்றும் அக்கம்பக்கத்து வீடுகள், வழக்கில் வேறு வேறு தெரு. தாழ்வு என்றால் குறை. தாழ்ச்சி கத்தோலிக்கருக்குப் புண்ணியம். 1888இல் கட்டி முடித்த ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்துக்குப் போகும் என் பக்கத்து வீட்டம்மா இன்றும் அப்படித்தான் சொல்வார். தாழ்மை எங்கள் சபையின் பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் சொல், அப்புறம் விண்ணப்பக் கடிதத்தின் சொல். ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதும்போது யாருக்கு மனம் தாழ்ந்திருக்கிறது என்பது வேறு கதை.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இதற்கு ‘டபெய்னோஃப்ரொசுனே’ என்று பெயர். ‘டபெய்னோஸ்’ என்றால் தாழ்வான, தரையோடு கிடக்கிற. பின்பாதி மனத்தைக் குறிப்பது. அன்றைய கிரேக்க, ரோமானிய உலகில் டபெய்னோஸ் பெரும்பாலும் ஏளனச் சொல். அடிமைக்கு உரியது, கௌரவமான ஆளுக்கு ஆகாதது. அந்த ஏளனத்தைத்தான் பவுல் எடுத்து நற்குணமாக்கினார். தமிழில் பெயர்த்தவர்கள் பாதிக்குப் பாதி ஒட்டி, மனம், தாழ்மை என்று வைத்துவிட்டார்கள். ஆங்கில ‘ஹியூமிலிட்டி’ லத்தீன் வழி வந்தது, அதன் அடியில் மண்ணைக் குறிக்கும் ‘ஹூமுஸ்’ கிடக்கிறது. மலாயில் ‘ரெண்டா ஹாத்தி’, தாழ்ந்த நெஞ்சம். சீன வேதாகமத்தில் ‘சியன்பெய்’, அதில் ‘பெய்’ என்றால் தாழ்ந்தது. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளும் இந்த ஒரு சொல்லில் தரையைப் பார்க்கின்றன.

சரி, அந்தப் பெண்ணுக்குப் பதில்? அந்தப் பிலிப்பியர் வசனத்திலேயே இருக்கிறது: ‘மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்.’ தாழ்வு மனப்பான்மை உள்ளவர் நாள் முழுக்கத் தன்னையே அளந்துகொண்டிருப்பார். இந்த வசனம் கண்ணை எதிரில் இருப்பவர் பக்கம் திருப்பிவிடுகிறது.

இன்னொன்று தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. தாழ்தல் தன்வினை, தாழ்த்துதல் பிறவினை. ‘தாழ்த்தப்பட்டவர்’ என்னும்போது தாழ்த்தியது வேறொருவர், அவர் யார் என்பதை அந்தச் சொல் சொல்லாமல் விட்டுவிடுகிறது. இயேசுவைப் பற்றி அதே அதிகாரம் ‘தம்மைத்தாமே தாழ்த்தினார்’ என்கிறது. தாழ்த்துகிறவரும் தாழ்கிறவரும் ஒருவரே. என்னைக் கேட்டால் சொல்லின் உயிர் அந்தத் ‘தாமே’யில்தான் இருக்கிறது. ஏற்கெனவே மிதிபட்டுக் கிடப்பவரிடம் போய்த் ‘தாழ்மையாக இரு’ என்று வசனம் காட்டுவது அநியாயம். வள்ளுவரும் பணிவை எல்லாருக்கும் ஒரே அளவில் பங்கிடவில்லை: ‘பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு.’ வளம் வந்தால் வணங்கு, வறுமை வந்தால் நிமிர்ந்து நில்.

அந்தப் பழைய மொழிபெயர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில் தரித்துக்கொள்ள வேண்டிய குணங்களில் ஒன்றாக ‘மனத்தாழ்மை’ வருகிறது. அதற்கு முந்தைய அதிகாரத்தின் கடைசி வசனத்தில், பக்தி வேஷம் போடுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது ‘மாயமான தாழ்மை’ என்று இருக்கிறது. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் அதே சொல். மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வசனத்தில் வேஷக்காரர்களின் தாழ்மையிலிருந்து மனத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டார்கள்! வேண்டுமென்றே செய்தார்களோ இல்லையோ, எனக்கு அது பிடித்திருக்கிறது.

‘நல்ல தமிழில் வேறு சொல் இல்லையா’ என்று சிலர் கேட்பதுண்டு. தாழ்மையே நல்ல தமிழ்தான். கூட வரும் ‘சாந்தம்’தான் வடசொல், ‘சாந்தமும் மனத்தாழ்மையும்’ என்று இருந்ததை 1995இல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘கனிவும் மனத்தாழ்மையும்’ என்று மாற்றியது. மனத்தாழ்மையைத் தொடவில்லை. பணிவு, அடக்கம், எளிமை மூன்றும் அழகான சொற்கள்தான். ஆனால் அடக்கம் என்பது தன்னைக் கட்டுக்குள் வைப்பது. உள்ளே ஒருவரை மட்டமாக நினைத்துக்கொண்டே வெளியே அடக்கமாக இருக்க முடியும். எளிமை வாழும் முறையைச் சொல்வது. பணிவு மிக நெருங்கி வருகிறது. ஆனால் பேச்சு வழக்கில் அது மேல்நோக்கியே போகிறது: போதகருக்கு, முதலாளிக்கு, மூத்தவருக்கு. மேலே இருப்பவருக்குக் குனிய யாரும் சொல்லித் தர வேண்டாம். கீழே இருப்பதாக நாம் நினைக்கிறவர் முன்னால் குனிவதற்கு மனத்தாழ்மையை விட்டால் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

இயேசுவின் சீடர் பேதுரு ‘மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்’ என்று எழுதியபோது பயன்படுத்திய கிரேக்க வினை, துணியை முடிச்சுப் போட்டுக் கட்டுவதைக் குறிப்பது. இயேசு சீலையை அரையில் கட்டிக்கொண்டு கால் கழுவிய இரவில் பேதுருவும் அங்கே இருந்தார், காலை நீட்ட மறுத்தார். இதையெல்லாம் நான் வகுப்பில் விளக்கிச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

ஆராதனை முடிந்து கீழே சாப்பாடு. நானும் ஏப்ரன் கட்டிக்கொண்டு ரசம் ஊற்றினேன். எனக்குப் பக்கத்தில் அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள் அதே பெண். வரிசையில் வங்கியில் வேலை பார்க்கும் சென்னைப் பையன் வந்தான், இருபத்தைந்து வயதிருக்கும். “வாங்க தம்பி, ரசம் ஊத்தட்டுமா? குடும்பத்தக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?” என்றேன். அடுத்து, தங்கும் விடுதியிலிருந்து வாராவாரம் வரும் கட்டுமான ஊழியர், நாற்பதைத் தாண்டியவர். “என்னப்பா, ரசம் போதுமா? தட்ட நல்லாப் பிடி.”

அவர் நகர்ந்ததும் அந்தப் பெண் மெல்லக் கேட்டாள். “அங்கிள், அவர்தானே பெரியவர்? அவரை ஏன் நீன்னு பேசுறீங்க? எங்க தமிழ் டீச்சர் மார்க் வெட்டுவாங்க.”

அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது “வாங்க அண்ணே, உக்காருங்க” என்றேன். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.