கேஸ் ஷீட்டில் நான் தாண்டிப் போன கேள்வி

அட்மிஷன் போடும்போது நோயாளியிடம் கேட்டுக் குறிக்க வேண்டியவற்றில் ஒன்று: பீடி, சிகரெட் பழக்கம் உண்டா, எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எத்தனை? நெஞ்சுநோய் வார்டில் ஆண் நர்ஸாகச் சேர்ந்த முதல் ஆறு வருடம் இந்தக் கேள்வியை மட்டும் நான் அவசர அவசரமாகக் கேட்பேன். பதிலைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். "விட்டுடுங்கய்யா" என்று யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. எந்த வாயால் சொல்வது? பத்து நிமிடம் முன்னால்தான் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஒரு தம் போட்டுவிட்டு, கையில் ஸ்பிரிட்டைத் தேய்த்துக்கொண்டு வந்திருப்பேன்.

ஒரு நாள் மூச்சிரைப்பில் கிடந்த பெரியவர் ஒருவர் நெபுலைசர் மாஸ்க்கை விலக்கி, "பிரதர், உங்க மேலயும் நம்ம வாடைதான் அடிக்குது" என்று சிரித்தார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, கூட்டாளி கிடைத்த சந்தோஷம் அவருக்கு. அதுதான் எனக்கு உறைத்தது.

நர்ஸ்கள் புகைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "எல்லாம் தெரிஞ்சவங்களே இப்படிச் செய்யலாமா?" என்பார்கள். அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. சிகரெட் அட்டையில் புற்றுநோய்ப் படம் பார்க்காமலா எல்லோரும் வாங்குகிறார்கள்? புகைக்கிற நர்ஸ் நோயாளியிடம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார் என்பதுதான் என் கவலை. டாக்டர் ரவுண்ட்ஸில் சில நிமிடம் நிற்பார். ராத்திரி இருமலோடு எழுந்து உட்காரும் மனிதரின் பக்கத்தில் இருப்பது நாங்கள். அந்த நேரத்தில் சொல்கிற ஒரு வார்த்தை காதில் ஏறும். கூச்சத்தில் நாங்கள் விழுங்கிவிடுவது அந்த வார்த்தையைத்தான்.

பழக்கம் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் நைட் டியூட்டியில். "பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துட்டு வரேன்" என்றால் இன்சார்ஜ் முறைப்பார். "ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்" என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. டீயோடு சிகரெட்டும் சேர்ந்துகொள்ளும். பொது இடங்களில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் அமலில் இருக்கிறது, மருத்துவமனை வளாகத்துக்குள் பற்ற வைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். அதனால் நாங்கள் கேட்டைத் தாண்டிப் போனோம், அவ்வளவுதான்.

இழுத்த சில நொடிகளில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். பன்னிரண்டு மணிக்கு ஒன்று இழுத்தவருக்கு இரண்டு, மூன்று மணிக்கு எரிச்சல் வரும், கை பரபரக்கும். டியூட்டி டென்ஷன் என்று நாங்கள் பெயர் வைத்ததில் பாதி, முந்தைய சிகரெட் விட்டுப்போன கடன். அடுத்தது அந்தக் கடனைத்தான் அடைக்கிறது.

"ஒரு நாளைக்கு ரெண்டு மூணுதான் பிரதர்" என்பது எங்கள் ஆட்களின் நிரந்தர சமாதானம். நானும் சொன்னதுதான். இதைப் பொய் என்று காட்டியவர்களும் நர்ஸ்கள்தான் என்பது வேடிக்கை. அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய செவிலியர் உடல்நல ஆய்வில் சுமார் 1,21,700 பெண் செவிலியர்கள் சேர்ந்தார்கள். அவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்து 1987-இல் வெளியிட்ட முடிவுகளில், தினம் ஒன்று முதல் நான்கு சிகரெட் பிடித்தவர்களுக்கும் மாரடைப்பு ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடியிருந்தது. தொடங்கியபோது அவர்களில் மூன்றில் ஒருவர் புகைத்தார். 2003 வாக்கில் அது பத்தில் ஒருவருக்கும் கீழே இறங்கிவிட்டது.

நம் ஊரில் சிஸ்டர்கள் புகைப்பது அபூர்வம். அப்படி ஒருவருக்குப் பழக்கம் இருந்தால் அவர் நிலைமை எங்களைவிட மோசம். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் போனில் பேசினார். நுரையீரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வார்டுல தெரிஞ்சா என்ன பேசுவாங்கண்ணா?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். இந்தப் பயம் யாரையும் விடவைக்காது, ஒளிக்க மட்டுமே வைக்கும். பிரதர்களில் சிலர் வாடை வராது என்று உதட்டுக்குள் புகையிலை வைக்கத் தாவுகிறார்கள். நிக்கோட்டின் அதிலும் அதேதான், கூடவே வாய்ப் புற்றுநோய்.

நான் விட்டது இரண்டாவது முயற்சியில். முதல் தடவை நைட் வாரத்தில் ஆரம்பித்தது மடத்தனம். இரண்டு மூன்று நாள்தான் தவிப்பு உச்சத்தில் இருக்கும், அந்த நாட்களை லீவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் வேண்டும் என்பவருக்கு சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லும் 4 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் சரிவரும், மற்றவர்களுக்கு 2 போதும். அதைச் சாதா சூயிங்கம் மாதிரி அரைத்துத் தள்ளக் கூடாது. நாலு தடவை கடித்து, காரம் ஏறியதும் கன்னத்தோரம் ஒதுக்கிவைக்க வேண்டும். டீ, காபி குடித்துக் கால் மணி நேரம் கழித்தே வாயில் போட வேண்டும். முதல் தடவை இது தெரியாமல் டீயோடு மென்று, விக்கல் எடுத்து, "இதெல்லாம் வேலைக்காகாது" என்று தூக்கிப்போட்டவன் நான். இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. பெயர் தெரியாமல் பேச நினைப்பவர்களுக்கு புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது.

இப்போது அந்தக் கேள்வியை நிதானமாகக் கேட்கிறேன். சிலர் திருப்பிக் கேட்பார்கள், "உங்களுக்கு உண்டா?" என்று. "இருந்துச்சு" என்பேன். அப்புறம் கட்டில் ஓரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வேன்.