உடைந்த பாகம் ஒன்று, கெட்ட பாகம் இன்னொன்று

மாடல் விமானங்களைப் பழுது பார்க்கும் என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே காரணம்தான் சொல்வார்கள். "சிக்னல் கட் ஆயிடுச்சு சார்" என்பது ஒன்று, "இன்ஜின் திடீர்னு ஆஃப் ஆயிடுச்சு சார்" என்பது இன்னொன்று. சிக்னல் என்று சொல்பவர் வரும்போதே புது ரிசீவர் வாங்கிக்கொண்டு வந்திருப்பார். இன்ஜின் என்று சொல்பவர் புது கிளோ பிளக், சில சமயம் பிஸ்டன் செட்டே வாங்கியிருப்பார். பிரித்துப் பார்த்தால் ரிசீவரும் நன்றாக இருக்கும், பிஸ்டனும் நன்றாக இருக்கும். ரிசீவருக்கு வந்துசேர வேண்டிய கரண்ட்டும் இன்ஜினுக்கு வந்துசேர வேண்டிய எரிபொருளும்தான் வழியில் எங்கோ தடுமாறியிருக்கும். அடிபட்ட இடத்தை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி மைதானத்துக்குப் போனால் புதுப் பாகமும் அதே வழியில் போகும், செலவு இரட்டிப்பாகும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

46 சைஸ் என்று நாம் சொல்கிற, மெத்தனால் எரிபொருளில் ஓடும் ஏழரை சிசி கிளோ இன்ஜினை எடுத்துக்கொள்வோம். தரையில் அருமையாக ஓடும், டேக் ஆஃப் ஆகும், மூக்கைத் தூக்கி ஏற ஆரம்பித்ததும் சத்தம் கூர்மையாகிப் பொசுக்கென்று நின்றுவிடும். பிளக்கை மாற்றியாயிற்று, எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடிலைத் திருகியாயிற்று, எரிபொருள் பிராண்டையே மாற்றியாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். நான் முதலில் கேட்பது, இதற்கு முன்னால் எப்போதாவது மூக்கு குத்தி இறங்கியதா என்றுதான். டேங்குக்குள்ளே சிலிக்கான் குழாயின் நுனியில் கிளங்க் என்று ஒரு சின்ன உலோகக் குண்டு தொங்கும். விமானம் எப்படிச் சாய்ந்தாலும் எரிபொருள் தேங்குகிற பக்கமே அதுவும் போய் விழ வேண்டும், அதுதான் ஏற்பாடு. மூக்கு மோதும்போது அந்தக் குண்டு முன்னால் பாய்ந்து, குழாய் மடிந்து, டேங்கின் முன்சுவரோரம் மாட்டிக்கொள்ளும். விமானம் மட்டமாக நிற்கும்போது அங்கேயும் எரிபொருள் இருப்பதால் இன்ஜின் ஓடும். மூக்கு மேலே போனதும் எல்லாம் பின்னால் போய்விடும், குழாய் வெறும் காற்றை உறிஞ்சும். டேங்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். குழாயை நேராக்கிவிட்டால் வேலை முடிந்தது, செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

அதே டேங்கில் இன்னொரு திருடன் உண்டு. உள்ளே போகும் பித்தளைக் குழாயை வெட்டிவிட்டு அரம் போடாமல் விட்டிருப்பார்கள். அந்தக் கூர்முனை சிலிக்கானை மெல்ல அறுத்து ஊசித்துளை போட்டுவிடும். எரிபொருள் குழாயில் சின்னச் சின்னக் குமிழிகள் ஓடுவது தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு குழாயைத் தவிர மற்றதை அடைத்து, டேங்கைப் பக்கெட் தண்ணீரில் அமுக்கி, அந்தக் குழாய் வழியாக வாயால் மெதுவாக ஊதினால் டேங்க் சுவரிலும் மூடியிலும் உள்ள கசிவு தெரிந்துவிடும் (டேங்கை முதலில் நன்றாகக் கழுவுங்கள், உள்ளே மெத்தனால் இருந்திருக்கிறது). உட்குழாயில் உள்ள துளை இதில் தெரியாது, அதனால் அதை வருஷத்துக்கு ஒருமுறை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

காற்று கலந்தால் என்ன, கொஞ்சம் லீனாக, அதாவது எரிபொருள் குறைவாக, ஓடட்டுமே என்று நினைக்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி விட முடியாது. மசகு எண்ணெய் எரிபொருளோடு கலந்துதான் உள்ளே வருகிறது, பொதுவாக 18 முதல் 20 சதவிகிதம் வரை. எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும், அதே நேரத்தில் எண்ணெயும் குறையும், இரண்டும் சேர்ந்து பிஸ்டனை ஒரே மதியத்தில் தின்றுவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், லீனாக ஓடும் இன்ஜின் கேட்பதற்கு ரொம்ப நன்றாக இருக்கும், அதனால் பலரும் நீடிலை உச்ச வேகத்துக்குத் திருகி அங்கேயே விட்டுவிடுகிறார்கள். உச்சத்துக்குப் போய், அங்கிருந்து சில நூறு சுற்று குறைகிற அளவு நீடிலைத் திறந்து வையுங்கள். பறக்கும்போது புரொப்பெல்லரின் பாரம் குறைவதால் இன்ஜின் தானாகவே இன்னும் கொஞ்சம் லீன் பக்கம் போகும், அதற்கும் இடம் வேண்டும். அப்புறம் ஒருவரை விமானத்தைக் கெட்டியாகப் பிடிக்கச் சொல்லி, முழு த்ராட்டிலில் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிச் சில நொடி நில்லுங்கள். சத்தம் தொய்ந்தால் பறக்காதீர்கள், அவ்வளவுதான்.

புதிதாக வாங்கியவர்கள் செய்கிற ஒரு காரியத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஏபிசி வகை இன்ஜினில் அலுமினியப் பிஸ்டன், அதைச் சுற்றிக் குரோம் பூசிய பித்தளை உருளை, அதாவது ஸ்லீவ். அந்த ஸ்லீவ் மேலே போகப் போக மிக மெல்லியதாகக் குறுகும். சூடானதும் பித்தளை விரிந்து சரியான இடைவெளிக்கு வரும். அதனால் குளிர்ந்த நிலையில் கையால் சுற்றினால் உச்சியில் பிடிக்கும், கீச்சென்று சத்தம்கூட வரும். அது கோளாறு இல்லை, இன்ஜின் புதிது என்பதற்கு அடையாளம். இதை ஜாம் என்று நினைத்துப் பிஸ்டனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டு வருகிறார்கள். தேய்த்த பிறகு கம்ப்ரஷன் திரும்பாது. இன்ஜினின் தலைப்பகுதியைத் தலைமுடி காயவைக்கும் டிரையரில் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், ரொம்பச் சுலபமாகச் சுற்றும். இன்னொன்று, புரொப்பெல்லர் நட்டைக் கழற்றுவதற்காகச் சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வழியாக ஸ்குரூ டிரைவரை விட்டுப் பிஸ்டனை நிறுத்துவது. பிஸ்டன் விளிம்பில் பிறைபோல ஒரு நசுங்கல் இருந்தால் என்ன நடந்தது என்று கேட்காமலே தெரிந்துவிடும்.

என்சிசி விமானப் பிரிவுக்காரர்கள் முகாம் நெருங்கும்போது, கல்லூரிக்காரர்கள் போட்டி நெருங்கும்போது, ஒரு வருஷம் அலமாரியில் கிடந்த இன்ஜினை அவசர அவசரமாக எடுத்து வருவார்கள். மெத்தனால் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. சென்னைக் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். கடைசியாகப் பறந்த அன்று உள்ளே மிச்சம் தங்கிய எரிபொருள் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு, பின்பக்கப் பெரிய பேரிங்கைப் பொறுமையாகத் துருவாக்கிவிடும். கையால் சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல ஒரு நறநறப்பு தெரியும். அந்த நிலையில் ஓட்டினால் பேரிங்கிலிருந்து உதிரும் துணுக்கு மேலே ஏறிப் பிஸ்டனையும் பிளக்கையும் பதம் பார்க்கும். அடிக்கடி பிளக் போகிறது என்று புகார் வந்தால் நான் பிளக்கைப் பார்ப்பதற்கு முன் பேரிங்கைச் சுற்றிப் பார்ப்பது அதனால்தான். செய்ய வேண்டியது சின்ன வேலை: நாளின் கடைசி ஓட்டத்தில் எரிபொருள் குழாயைப் பிடுங்கிவிட்டு இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், துருப்பிடிக்காமல் காக்கும் ஆஃப்டர் ரன் ஆயிலைக் கார்புரேட்டர் வழியாகவும் பிளக் துளை வழியாகவும் சில சொட்டு விட்டுக் கையால் பத்துத் தடவை சுற்றுங்கள். விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள் என்றால் நாளாக ஆக வெளியே பழுப்பு நிறத்தில் கெட்டியான ஒட்டு படியும். அதைக் கத்தியால் சுரண்டாதீர்கள். காரில் ஊற்றும் கிளைக்கால் கூலண்ட்டில் மிதமான சூட்டில் சில மணி நேரம் ஊறவைத்தால் கழன்றுவரும், ஆனால் அந்தப் பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது, கிளைக்கால் விஷம்.

விஷம் என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று. எரிபொருளைப் பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு மைதானத்துக்கு வருகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் அதிகமானோர் உயிரை எடுத்ததும் இதே மெத்தனால்தான். மத்தியான வெயிலில் தாகத்தோடு யாராவது அந்தப் பாட்டிலை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சுத்தமான மெத்தனால் எரியும் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் இன்ஜின்காரர்களுக்கு இப்போது புதுத் தலைவலி, 20 சதவிகித எத்தனால். பங்கில் பிடித்த பெட்ரோலைக் கேனில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் அது ஈரம் வாங்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயஃப்ரம் என்கிற சவ்வு விறைத்துவிடும். பறந்து முடித்ததும் டேங்கைக் காலி செய்துவிடுங்கள், டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலை அவ்வப்போது புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். கிளோ இன்ஜினின் சிலிக்கான் குழாயைப் பெட்ரோலுக்குப் போடவே கூடாது. ஊறிப்போய்ப் பஞ்சு மாதிரி ஆகிக் கழன்றுவிடும்.

சரி, சிக்னலுக்கு வருவோம். ஒரு கல்லூரிக் குழுவின் விமானம், நாலு செல் லைப்போ பேட்டரி, வாலிலும் இறக்கையிலும் உள்ள பலகைகளை அசைக்கும் சர்வோ என்கிற சின்ன மோட்டார்கள் ஆறு. இரண்டு ரவுண்டு நன்றாகச் சுற்றியிருக்கிறது, மூன்றாவதில் கட்டுப்பாடு மொத்தமும் போய் நேராக இறங்கியிருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாச் சர்வோவும் ஒழுங்காக அசைகிறது. ஆகவே சிக்னல்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் மூக்குப் பக்கம் இருந்த இ.எஸ்.சி.யைப் பார்த்தேன். மோட்டாரை ஓட்டுவதோடு ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் தருவதும் அதே பெட்டிதான், பெக் என்று சொல்வோம். இதில் இருந்தது லீனியர் வகை, அதாவது அதிகப்படியான வோல்ட்டை வெறும் சூடாக மாற்றி வீணாக்குகிற வகை. நாலு செல் முழு சார்ஜில் 16.8 வோல்ட். அதிலிருந்து 5 போக மிச்சம் 11.8. சர்வோக்கள் எல்லாம் சேர்ந்து 1 ஆம்பியர் இழுத்தாலே சுமார் 12 வாட் சூடு, கட்டைவிரல் அளவு சில்லில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள். இரண்டு செல் பேட்டரி என்றால் இதே கணக்கு மூன்றரை வாட்டைத் தாண்டாது, அதனால்தான் சின்ன விமானங்களில் இது தொல்லை கொடுப்பதில்லை. சூடு எல்லை மீறியதும் சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும், ரிசீவர் செத்துவிடும், விமானம் விழும், விழுந்த இடத்தில் ஆறியதும் எல்லாம் உயிர்பெறும். புது ரிசீவர் போட்டாலும் மூன்றாவது ரவுண்டில் இதேதான் நடந்திருக்கும்.

இதை வீட்டு மேஜையிலேயே கண்டுபிடிக்கலாம். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, ரிசீவரில் காலியாக இருக்கும் ஒரு சேனலில் சின்ன வோல்ட் மீட்டரைச் செருகுங்கள். எல்லா ஸ்டிக்குகளையும் ஒன்றாக ஆட்டிக்கொண்டே, இன்னொருவரை வாலில் உள்ள எலிவேட்டரையும் இறக்கையில் உள்ள ஐலரானையும் விரலால் லேசாகத் தடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். 5 வோல்ட் 4.8 ஆனால் பரவாயில்லை. நாலுக்குக் கீழே துள்ளினால் அந்த விமானம் பறக்கத் தயாராக இல்லை, பல ரிசீவர்கள் மூன்றரை வோல்ட் வாக்கில் மயங்கிவிடும். அவ்வளவு சூடாகாத ஸ்விட்சிங் வகை பெக் ஒன்றைத் தனியாகப் போடுங்கள், போடும்போது இ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் பிளக்கில் சிவப்பு வயரை மட்டும் உருவி டேப் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பெக்கும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

உண்மையான சிக்னல் கோளாறும் வருவதுண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் ஆன்டெனா வயரில் வேலை செய்வது நுனியில் உறை நீக்கிய 31 மில்லிமீட்டர் மட்டும்தான். அதை மடித்து டேப் போட்டு ஒட்டுவதும் கார்பன் ஃபைபர் குழாயோரம் படுக்கவைப்பதும் அதன் காதைப் பொத்துவதற்குச் சமம். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். பெட்ரோல் விமானமாக இருந்தால் இக்னிஷன் பெட்டியும் அதன் பேட்டரியும் ஒரு பக்கம், ரிசீவர் குறைந்தது ஓரடி தள்ளி மறுபக்கம். பழைய நிக்கல் பேட்டரி வைத்திருப்பவர்கள் கறுப்பு வயரைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள், உள்ளே செம்பு பளபளக்காமல் கறுத்திருந்தால் ஈயம்கூட ஒட்டாது, வயரை முழுக்க மாற்ற வேண்டியதுதான்.

எரிந்த இ.எஸ்.சி.யோடு வருகிறவர்களிடம் நான் கேட்பது புரொப்பெல்லர் அளவு. பத்து அங்குலம் உடைந்ததும் கையில் இருந்த பதினொன்றைப் போட்டேன் என்பார்கள். ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் அதே சுற்றில் பாரம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது, பத்து பதினொன்றானால் நாற்பது சதவிகிதத்துக்கும் மேல். சுற்று கொஞ்சம் இறங்கி இதில் ஓரளவு குறைந்தாலும், எல்லையோரம் ஓடிக்கொண்டிருந்த இ.எஸ்.சி.க்கு அது போதும். புரொப்பெல்லர் மாற்றினால் வாட் மீட்டர் வைத்து ஆம்பியர் பாருங்கள். லைப்போ பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், ஒன்று மட்டும்: பறக்கப் போகிறோம் என்று சனிக்கிழமை முழு சார்ஜ் ஏற்றி, மழையில் போகாமல், அடுத்த வாரம்வரை 4.2 வோல்ட்டில் அப்படியே வைப்பது உப்பிப் போவதற்கு ஒரு முக்கியக் காரணம். போகவில்லை என்றால் அன்றைக்கே செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு இறக்குங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள், உப்பியதைச் சார்ஜரில் மாட்டாதீர்கள்.

பழுது பார்க்கும்போது காயம் வாங்குகிறவர்கள்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறார்கள். 11 அங்குல புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு 10,000 சுற்று போனால் அதன் நுனி மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, கண்ணுக்கு வெறும் நிழலாகத்தான் தெரியும். இன்ஜின் பிடித்ததும் பின்னால் போய்விட்டு, அங்கிருந்து நீடிலைத் திருகுங்கள். எலக்ட்ரிக் இன்னும் மோசம், அது சத்தமே இல்லாமல் காத்திருக்கும். த்ராட்டில் மேலே இருந்ததோ, செட்டிங் மாற்றும்போது கை தவறியதோ, மடியிலேயே சுற்ற ஆரம்பித்துவிடும். மேஜையில் பேட்டரி மாட்டுகிற எந்த வேலைக்கும் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். விளிம்பில் நகம் அளவு சிதறிய புரொப்பெல்லரை ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள், உடைத்துக் குப்பையில் போடுங்கள், இல்லையென்றால் யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

விமானம் வயல் சேற்றில் விழுந்தால் முதல் ஆசை, புரொப்பெல்லரைச் சுற்றிப் பார்ப்பது. சுற்றாதீர்கள். உள்ளே போன மணல் ஸ்லீவில் கோடு போட்டுவிடும். பேட்டரியைக் கழற்றுங்கள், கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட்டையும் துணியால் அடைத்து, அன்றைக்கே கொண்டு வாருங்கள், துருவுக்கு ஒரு ராத்திரி போதும். வரும்போது உடைந்த புரொப்பெல்லர், அன்று போட்ட பேட்டரி, மிச்ச எரிபொருள் கொஞ்சம், எல்லாம் வேண்டும். கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுக் கொண்டுவந்தால் தடயமும் சேர்ந்து போய்விடும். நண்பர் யாராவது போனில் வீடியோ எடுத்திருந்தால் அதையும் அனுப்புங்கள். படம் தெளிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சத்தம் கேட்டால் போதும்: கூர்மையாகி நின்றதா, குழறி நின்றதா என்பதை வைத்தே லீனா ரிச்சா, அதாவது எரிபொருள் குறைவா அதிகமா, என்று சொல்லிவிடலாம்.